புது கார்ல வைப்ரேஷன் போகவே மாட்டேங்குதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வண்டி எடுத்து ரெண்டு மாசம் கூட ஆகியிருக்காது, ஹைவேல 90 தொட்டா ஸ்டியரிங் உதற ஆரம்பிக்கும், சர்வீஸ் சென்டர்ல விட்டா "பேலன்சிங் பண்ணியாச்சு சார், இப்ப ஓகே"ன்னு சாவியை குடுப்பாங்க (வீலோட எடை எல்லா பக்கமும் சமமா இருக்க ரிம்ல சின்ன வெயிட் ஒட்டறது தான் பேலன்சிங்), அடுத்த ஞாயித்துக்கிழமை ஊருக்கு போறப்ப திரும்ப அதே உதறல். லோன் போட்டு ஆசையா வாங்குன வண்டில இப்படி ஆனா எவ்ளோ கடுப்பா இருக்கும்னு எனக்கு நல்லா தெரியும். சொந்தக்காரங்க, கூட வேலை பாக்கறவங்கன்னு நிறைய பேர் என்கிட்ட கேட்ட கேள்விகளை இங்க தொகுத்து வச்சிருக்கேன். எல்லா பதிலுக்கும் அடிப்படை ஒண்ணு தான், எந்த பார்ட்டை மாத்தறதுங்கறது அப்புறம், எந்த வேகத்துல, என்ன செய்யும்போது உதறுதுன்னு முதல்ல பிடிங்க, பிடிச்சதை பேப்பர்ல ஏத்துங்க.

புது வண்டில போய் எப்படிங்க வைப்ரேஷன் வரும்?

தாராளமா வரும். ஃபேக்டரிய விட்டு வெளிய வந்த கார் நேரா ஷோரூமுக்கு வர்றதில்ல, டிரெய்லர்ல ஏறி ஸ்டாக்யார்டுல இறங்கி, வெயில்லயும் மழையிலயும் மாசக்கணக்குல ஒரே இடத்துல நிக்கும். அப்படி நிக்கும்போது தரையில படற இடத்துல டயர் கொஞ்சம் தட்டையாகிடும். லேசா தட்டையானது 20, 30 கிலோமீட்டர் ஓடி டயர் சூடானா சரியாயிடும், ரொம்ப நாள் காத்து கம்மியா நின்ன டயர்ல விழுந்த தட்டை போகவே போகாது.

டெலிவரி எடுக்கறப்ப டயர் சைடுல இருக்கற நாலு இலக்க நம்பரை பாருங்க. 2324ன்னு இருந்தா 2024ம் வருஷம் 23வது வாரம் செஞ்ச டயர்னு அர்த்தம். வண்டி எந்த மாசம் செஞ்சதுன்னு ஃபார்ம் 21ல (டீலர் தர்ற விற்பனை சான்றிதழ்) இருக்கும். ரெண்டையும் டெலிவரி தேதியோட ஒப்பிட்டு பாத்தா எவ்ளோ நாள் யார்டுல கிடந்திருக்கும்னு ஒரு ஐடியா கிடைச்சிடும்.

இன்னொண்ணு காத்து. யார்டுல நிக்கறதுக்காகவும் லாரில ஏத்தறதுக்காகவும் டயர்ல காத்தை அதிகமா ஏத்தி வச்சிருப்பாங்க, டெலிவரிக்கு முன்னாடி அதை இறக்கணும், சில இடத்துல மறந்துடுவாங்க. டிரைவர் கதவை திறந்தா பில்லர்ல ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதுல போட்ட பி.எஸ்.ஐ (காத்தழுத்த அளவு) தான் உங்க வண்டிக்கு சரியான அளவு. டயர் ஆறியிருக்கும்போது செக் பண்ணுங்க. வேற எதையும் தொடறதுக்கு முன்னாடி இதை முடிச்சிடுங்க, காசு செலவே இல்ல.

இப்படியே ஓட்டலாமா, ஆபத்தா?

பாதி கேஸ்ல ஆபத்து இல்ல, எரிச்சல் மட்டும் தான். ஆனா டயர் பக்கவாட்டுல முட்டை மாதிரி வீக்கம் தெரிஞ்சா, இல்ல நேத்து வரைக்கும் இல்லாத உதறல் இன்னைக்கு திடீர்னு வந்து குறைவான வேகத்துலயும் இருந்தா, வண்டிய ஓரமா நிறுத்தி வீல் நட்டை பாருங்க. வீலை கழட்டி மாட்டுனதுக்கு அப்புறம் நட்டு லூசா விட்டுட்டா வீலே கழண்டு ஓடற அளவுக்கு போகும். பேலன்சிங், பஞ்சர், பிரேக் எந்த வேலை முடிச்சாலும் ஒரு 50, 100 கிலோமீட்டர் ஓட்டிட்டு நட்டு டைட்டை இன்னொரு தடவை செக் பண்றது நல்லது. வீக்கம் வந்த டயரை ஒட்டி சரிபண்ண முடியாது, ஸ்டெப்னி போட்டு மெதுவா கடைக்கு போங்க.

எங்கேர்ந்து வருதுன்னு நானே கண்டுபிடிக்க முடியுமா?

முக்கால்வாசி முடியும். நல்ல தார் ரோடு வேணும், கான்க்ரீட் ரோட்டுல ஜாயிண்ட் ஜாயிண்ட்டா இருக்கறதால வண்டியே ஆடற மாதிரி தெரியும், அங்க டெஸ்ட் பண்ணாதீங்க. சென்னைல இருக்கறவங்க செங்கல்பட்டு தாண்டி திண்டிவனம் பக்கம் காலைல சீக்கிரம் போனா வசதியா இருக்கும். கூட ஒருத்தரை உக்கார வச்சுக்கோங்க, நீங்க ஓட்டுங்க, அவர் நோட் பண்ணட்டும், ஓட்டிக்கிட்டே போனை நோண்டாதீங்க.

முதல்ல எங்க தெரியுதுன்னு பாருங்க. ஸ்டியரிங் உதறினா பெரும்பாலும் முன் வீல், சீட்டும் தரையும் அதிர்ந்து ஸ்டியரிங் சும்மா இருந்தா பின் வீல். அடுத்து வேகம். 80லேர்ந்து 110க்குள்ள வந்து, அதுக்கு மேலயோ கீழயோ குறைஞ்சா வீல் பேலன்ஸ் தப்பியிருக்கு, இல்லைன்னா டயர் வட்டம் தப்பியிருக்கு. 20, 30லயே லேசா குதிச்சு குதிச்சு போற மாதிரி இருந்தா டயர் தட்டையாகியிருக்கலாம், இல்ல ரிம் நெளிஞ்சிருக்கலாம்.

அப்புறம் தான் முக்கியமான டெஸ்ட். உதறற வேகத்துல ஆக்சிலரேட்டர்ல இருந்து காலை எடுங்க. மேனுவல் வண்டின்னா, ரோடு காலியா நேரா இருந்தா மட்டும், கிளட்ச் மிதிச்சு நியூட்ரலுக்கு கொண்டு வந்து ரெண்டு மூணு நொடி பாத்துட்டு திரும்ப கியர் போடுங்க, என்ஜினை மட்டும் ஆஃப் பண்ணவே கூடாது. ஆட்டோமேட்டிக்ல நியூட்ரல் போட வேண்டாம், கால் எடுத்து பாத்தாலே போதும். நியூட்ரல்லயும் உதறல் அப்படியே இருந்தா வீல் பக்கம். மிதிச்சு ஏத்தும்போது மட்டும் வந்து கால் எடுத்ததும் போயிட்டா டிரைவ் ஷாஃப்ட்டோட (என்ஜின் சக்தியை வீலுக்கு கொண்டு போற தண்டு) உள்பக்க ஜாயிண்ட், என்ஜின் மவுண்ட் (என்ஜினை தாங்கற ரப்பர்) இந்த பக்கம். வண்டிய நிறுத்தி வச்சு அதே ஆர்.பி.எம்முக்கு (நிமிஷத்துக்கு என்ஜின் சுத்தற சுத்து) ரேஸ் பண்ணாலும் அதிர்ந்தா சந்தேகமே இல்ல, என்ஜின் பக்கம் தான்.

இதுல என்ன தெரிஞ்சாலும் உடனே ஒரு நோட்ல எழுதிடுங்க. வேகம், கியர், ஆர்.பி.எம், ஏசி ஆன்ல இருந்துச்சா, வண்டில எத்தனை பேர், எந்த ரோடு. பின்னாடி ரொம்ப உதவும்.

செல்போன் ஆப்ல வைப்ரேஷன் அளக்கலாம்னு சொல்றாங்களே, உண்மையா?

உண்மை தான். போன்ல இருக்கற சென்சாரை வச்சு நொடிக்கு எத்தனை தடவை அதிருதுன்னு காட்டற இலவச ஆப் நிறைய இருக்கு, போனை ஆடாம டேஷ்போர்டுலயோ சீட் ரெயில்லயோ டேப் போட்டு ஒட்டி வச்சா போதும்.

கணக்கு சிம்பிள். 185/65 ஆர்15 டயரோட சுத்தளவு ஏறக்குறைய 1.95 மீட்டர். 100 கி.மீ வேகம்னா நொடிக்கு 27.8 மீட்டர், அப்போ வீல் நொடிக்கு 14 சுத்துக்கு கொஞ்சம் மேல சுத்துது. அதே நேரம் என்ஜின் 2400 ஆர்.பி.எம்ல இருந்தா அது நொடிக்கு 40 சுத்து. ஆப் காட்டற கிராஃப்ல 14 பக்கம் உசரமான முனை நின்னா குத்தம் வீல்ல, 40 பக்கம் நின்னா என்ஜின்ல, 28 வந்தா ஒரு சுத்துக்கு ரெண்டு தடவை அடிக்குதுன்னு அர்த்தம், முட்டை வடிவமா போன டயரான்னு பாக்கணும். ஆப் காட்டறதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்கோங்க. சர்வீஸ் அட்வைசர்கிட்ட "ஏதோ அதிருது சார்"னு சொல்றதுக்கும் "100ல நொடிக்கு 14 தடவை வருது, வீல் சுத்தோட ஒத்துப்போகுது"ன்னு சொல்றதுக்கும் கிடைக்கற மரியாதையே வேற.

பேலன்சிங் பண்ணியும் போகலையே, ஏன்?

அதிகமா வர்ற கேள்வி இது தான், அதனால கொஞ்சம் விளக்கமா சொல்றேன்.

சீலிங் ஃபேன்ல ஒரு இறக்கை நெளிஞ்சா ஸ்பீடு ஏத்த ஏத்த ஆட்டம் கூடும்ல, வீலும் அப்படி தான். வேகம் ரெண்டு மடங்கானா இழுக்கற விசை நாலு மடங்காகும். 15 இன்ச் ரிம் ஓரத்துல 30 கிராம் வித்தியாசம் இருந்தா 100 கி.மீ வேகத்துல அது கிட்டத்தட்ட நாலரை கிலோ எடை இழுக்கற மாதிரி ஆகிடும், 50ல ஒரு கிலோ சொச்சம் தான். அதனால தான் ஊருக்குள்ள ஒண்ணும் தெரியாம ஹைவேல தெரியுது.

இப்போ பேலன்சிங் ஏன் தோத்துப்போகுதுன்னா, முதல் காரணம் வேலை ஒழுங்கா நடக்கல. ரிம்முக்கு உள்பக்கம் சேறு காஞ்சு ஒட்டியிருக்கும், அதை சுத்தம் பண்ணாம மெஷின்ல ஏத்துனா சேத்தோட எடையையும் சேத்து பேலன்ஸ் பண்ணி குடுப்பாங்க, அடுத்த மழையில சேறு கழுவிட்டு போயிடும், உதறல் திரும்பி வந்துடும். பழைய வெயிட்டை எடுக்காம மேல மேல ஒட்டறதும் நடக்குது. வீலை மெஷின்ல சென்டர் பண்ணி மாட்டலைன்னா மெஷினே தப்பா தான் சொல்லும். இதை பிடிக்க ஒரு வழி இருக்கு, மெஷின்ல ரெண்டு பக்கமும் ஜீரோ (இனி வெயிட் வேண்டாம்னு அர்த்தம்) வந்ததும் வீலை கழட்டி பாதி சுத்து திருப்பி மறுபடி மாட்டி சுத்த சொல்லுங்க, ஜீரோ மாறிடுச்சுன்னா மாட்டுனது சரியில்ல. கூடவே நின்னு பாருங்க, கஸ்டமர் உள்ள வரக்கூடாதுன்னு சொன்னா ஜீரோ காட்டற ஸ்கிரீனை போட்டோ எடுத்து தர சொல்லுங்க.

ரெண்டாவது காரணம், பேலன்ஸ் சரியா இருந்தும் டயர் வட்டமா இல்ல. எடை எல்லா பக்கமும் சமமா இருந்தாலும் ஒரு பக்கம் கொஞ்சம் உசரமாவோ கடினமாவோ இருந்தா ரோட்டுல அழுந்தும்போது ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு தட்டு தட்டும், சாதாரண பேலன்சிங் மெஷின்ல வீல் காத்துல சுத்தறதால இது தெரியவே தெரியாது. ரோலர் வச்சு டயரை அழுத்தி அளக்கற ரோட் ஃபோர்ஸ் மெஷின் சில பெரிய டயர் கடைகள்ல இருக்கு, கிடைச்சா அங்க போங்க. கிடைக்கலைன்னா வண்டிய ஜாக்கில தூக்கி, ஸ்டாண்டு போட்டு, டயர் பக்கத்துல ஒரு குச்சியை ஆடாம நிக்க வச்சு வீலை கையால மெதுவா சுத்துங்க, குச்சிக்கும் டயருக்கும் நடுவுல இடைவெளி கூடி குறைஞ்சா கண்ணாலயே தெரியும். ரிம்மையும் அதே மாதிரி பாருங்க.

இந்த மாதிரி கேஸ்ல டயரை ரிம்ல பாதி சுத்து திருப்பி மாட்டினாலே சில நேரம் சரியாயிடும். புது டயர்ல மஞ்சள் புள்ளி இருந்தா அது எடை குறைவான இடம், வால்வு பக்கத்துல வரணும். ஒரே வீல்ல 60, 70 கிராமுக்கு மேல வெயிட் கேக்குதுன்னா ஒட்டிட்டு விடாதீங்க, டயரை திருப்பி மாட்ட சொல்லுங்க.

மூணாவது, நம்ம ஆளுங்க பஞ்சர் வராம இருக்கட்டும்னு டியூப்லெஸ் டயருக்குள்ள ஊத்தற ஜெல். அது உள்ள ஓடிக்கிட்டே இருக்கற வரைக்கும் எந்த மெஷினாலயும் நிலையா பேலன்ஸ் பண்ண முடியாது. டெலிவரி அன்னைக்கு ஆக்சசரீஸ் லிஸ்ட்ல இதையும் சேத்து வித்திருப்பாங்க, பில்லை எடுத்து பாருங்க.

எந்த வீல்னு எப்படி பிரிக்கறது?

முன் ரெண்டு வீலையும் பின்னாடியும், பின்னாடி இருக்கறதை முன்னாடியும் மாத்துங்க. ஸ்டியரிங் உதறல் சீட்டுக்கு போயிட்டா குத்தம் அந்த வீல்ல தான். எதுவுமே மாறலைன்னா ஹப் (வீலை மாட்டற நடு பாகம்), பிரேக் டிஸ்க், ஷாஃப்ட் பக்கம் பாக்கணும். ஸ்டெப்னியை ஒவ்வொரு வீலுக்கா மாத்தி மாட்டி பாக்கறதும் நல்ல வழி தான், ஆனா இப்ப நிறைய வண்டில ஸ்டெப்னி சின்ன சைஸ், 80க்கு மேல போகாதேன்னு அதுலயே எழுதியிருக்கும், அந்த வண்டிகளுக்கு இந்த வழி வேண்டாம்.

அலைன்மென்ட் பண்ணா சரியாகுமா?

ஆகாது. அலைன்மென்ட்னா வீல் சரியான கோணத்துல நிக்க வைக்கறது. அது தப்பினா வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஒரு ஓரமா தேயும். அப்படி தேஞ்ச டயர் பின்னாடி உதறலாம், ஆனா புது டயர்ல உதறலுக்கு அலைன்மென்ட் மருந்து இல்ல.

பிரேக் பிடிச்சா மட்டும் ஸ்டியரிங் ஆடுது, அது என்ன?

டிஸ்க். ரொம்ப நாள் நின்ன வண்டில டிஸ்க் துரு பிடிச்சிருக்கும், நாலஞ்சு பிரேக்ல தேஞ்சு போயிடும். போகாம தொடர்ந்து ஆடினா டிஸ்க்கோட கனம் இடத்துக்கு இடம் வித்தியாசப்பட்டிருக்கு, இல்ல ஹப்புக்கும் டிஸ்க்குக்கும் நடுவுல அழுக்கு, துரு மாட்டியிருக்கு. டயல் கேஜ் (நூலளவு வித்தியாசத்தையும் காட்டற கருவி) வச்சு அளந்து ரீடிங்கை எழுதி தர சொல்லுங்க, அளக்காம பேட் மாத்தினா அது வேலைக்கு ஆகாது. வீல் நட்டை ஏர் கன்ல கண்ணாபின்னான்னு முறுக்கறதும் இதுக்கு ஒரு காரணம், டார்க் ரெஞ்ச்ல (குறிச்ச அளவுக்கு மட்டும் டைட் வைக்கற ஸ்பேனர்) தான், குறுக்கு மறுக்கா, மேனுவல்ல சொன்ன அளவுக்கு டைட் வைக்கணும். அவசரமா பிரேக் மிதிச்சப்ப பெடல் மட்டும் கடகடன்னு அடிச்சா அது ஏ.பி.எஸ் (பிரேக்ல வீல் லாக் ஆகாம தடுக்கற சிஸ்டம்) வேலை செய்யுது, பயப்பட வேண்டாம்.

சிக்னல்ல நிக்கும்போது அதிருது, ஓட்டும்போது இல்ல?

மூணு சிலிண்டர் என்ஜினா? அப்படின்னா கொஞ்சம் அதிர்வு கூடவே பொறந்தது, 800 ஆர்.பி.எம் ஐடில்ல நொடிக்கு 20 தடவை தான் எரியுது, நாலு சிலிண்டர்ல அது 27 பக்கம் வரும், அதனால மூணு சிலிண்டர்ல துடிப்பு தனித்தனியா உணர முடியும். ஆனா ஏசி போட்டதும் கண்ணாடி எல்லாம் கலங்கற அளவுக்கு ஆடினா, இல்ல ஆட்டோமேட்டிக்ல டி-ல வச்சு பிரேக் மிதிச்சா அதிர்ந்து நியூட்ரல் போட்டதும் அதிர்வு போயிட்டா, என்ஜின் மவுண்ட் சரியா உக்காரலையான்னு பாக்க சொல்லுங்க. டூயல் கிளட்ச் ஆட்டோமேட்டிக்ல டிராஃபிக்ல ஊர்ந்து போகும்போது வர்ற நடுக்கம் வேற விஷயம், அது கிளட்ச் சம்பந்தப்பட்டது, தனி கம்ப்ளெயிண்டா எழுதுங்க, வீல் உதறலோட சேத்து ஒரே வரில எழுதினா ரெண்டையும் கோட்டை விட்டுடுவாங்க.

"எல்லா வண்டியும் இப்படித்தான் சார்"னு சொல்றாங்க, என்ன பண்றது?

வாக்குவாதம் வேண்டாம். அதே மாடல், அதே வேரியண்ட் டெஸ்ட் டிரைவ் வண்டி ஷோரூம்ல இருக்கும்ல, அதை அதே ரோட்டுல அதே வேகத்துல ஓட்டணும்னு கேளுங்க, கூட டெக்னீஷியனும் வரட்டும். அந்த வண்டியும் அதே அளவு அதிர்ந்தா அவங்க சொல்றது நியாயம், ஒத்துக்கோங்க. அது வழவழன்னு போச்சுன்னா அதை ஜாப் கார்டுல (சர்வீஸ் சென்டர்ல உங்க புகாரை எழுதற தாள்) எழுத வைங்க, முடிஞ்சா அந்த வண்டி வீல் நாலையும் உங்க வண்டில மாட்டி ஓட்டி பாக்க சொல்லுங்க. அரை மணி நேர வேலை, மாசக்கணக்கா இழுக்கற பிரச்சினைக்கு விடை கிடைச்சிடும். சொந்தக்காரர் ஒருத்தர் வண்டில கடைசில இப்படி தான் ஒரு டயர்னு உறுதியாச்சு, அதுக்கு முன்னாடி மவுண்ட் வரைக்கும் மாத்தியிருந்தாங்க.

ஜாப் கார்டு அவ்ளோ முக்கியமா?

ஆமா, ரொம்ப. நீங்க வாயால சொன்னதுக்கு எந்த மதிப்பும் இல்ல. "ஜெனரல் செக்கப்"னு எழுதிட்டு கையெழுத்து கேப்பாங்க, போடாதீங்க. "90 முதல் 105 வரை ஸ்டியரிங் அதிர்வு, நியூட்ரலிலும் உள்ளது"ன்னு உங்க வார்த்தையில எழுத வைங்க. வண்டி எடுக்கும்போது என்ன பாத்தாங்க, என்ன மாத்துனாங்க, ரோட் டெஸ்ட்ல என்ன தெரிஞ்சதுன்னு எழுத்துல வாங்குங்க. காசு வாங்காத வேலைக்கு பில் வராதுன்னு சொல்லுவாங்க, ஜீரோ ரூபாய் இன்வாய்ஸ் கேளுங்க, அதுல தேதியும் கிலோமீட்டரும் இருக்கும். ரெண்டாவது தடவையும் சரியாகலைன்னா அன்னைக்கே கம்பெனி கஸ்டமர் கேருக்கு மெயில் போட்டு கம்ப்ளெயிண்ட் நம்பர் வாங்கிடுங்க, ஏரியா சர்வீஸ் இன்ஜினியர் முன்னாடி ரோட் டெஸ்ட் வேணும்னு அதுலயே கேளுங்க.

டயர் தான் குத்தம்னு தெரிஞ்சுடுச்சு, ஆனா வாரண்டில வராதுன்னு சொல்றாங்க?

டயருக்கு வாரண்டி கார் கம்பெனி குடுக்கறதில்ல, டயர் கம்பெனி குடுக்குது. அவங்க டீலர் மூலமா கிளெய்ம் போட்டா ஒரு இன்ஜினியர் வந்து பாத்து தயாரிப்பு குத்தம்னா மாத்தி தருவாங்க, தேய்மானத்துக்கு ஏத்த மாதிரி கொஞ்சம் காசு கேக்கலாம், அதனால சீக்கிரமா போடுங்க, டயர் தேயத் தேய உங்க பங்கு கூடும். புது வண்டியோட வந்த டயர்னா கிளெய்ம் ஏற்பாடு பண்ணி குடுங்கன்னு ஷோரூமையும் விடாம கேளுங்க.

கன்ஸ்யூமர் கோர்ட்டுக்கு போனா வேற வண்டி தருவாங்களா?

அமெரிக்கால லெமன் லான்னு ஒண்ணு இருக்கு, குறிப்பிட்ட தடவை ரிப்பேர் பண்ணியும் சரியாகலைன்னா வண்டியை மாத்தணும், இல்ல பணத்தை திருப்பி தரணும். நம்ம நாட்டுல கார்க்குன்னு அப்படி தனி சட்டம் இல்ல, நுகர்வோர் பாதுகாப்பு சட்டம் 2019 தான். வாரண்டில பார்ட்டை மாத்தி தர்றதா தான் இருக்கு, முழு வண்டியை மாத்தற கடமை அதுல வராதுன்னு 2006ல ஒரு கார் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு. அதனால முழு காரும் கிடைக்கும்னு எண்ணி போகாதீங்க, தயாரிப்பு குறைபாடுன்னு நிரூபிச்சா தான் அந்த பேச்சே வரும், அதுக்கு நிபுணர் ரிப்போர்ட் வேணும், நுகர்வோர் கமிஷனே (நாம கன்ஸ்யூமர் கோர்ட்னு சொல்றது) லேபுக்கு அனுப்பவும் சட்டத்துல வழி இருக்கு. சரிபண்ணி குடுக்கணும், நஷ்டஈடு தரணும்னு கேக்கறது இன்னும் நடைமுறைக்கு ஒத்துவரும்.

முதல்ல 1915க்கு போன் பண்ணி தேசிய நுகர்வோர் உதவி மையத்துல புகார் பதிவு பண்ணுங்க, நிறைய கேஸ் அங்கேயே நகரும். நகரலைன்னா, வண்டிக்கு குடுத்த காசு 50 லட்சம் வரைக்கும்னா மாவட்ட கமிஷன், நீங்க குடியிருக்கற மாவட்டத்துலயே போடலாம், ஆன்லைன்லயும் போடலாம். பிரச்சினை ஆரம்பிச்சு 2 வருஷத்துக்குள்ள போடணும், இதை மட்டும் மறக்காதீங்க, "இன்னும் ஒரு தடவை பாக்கறோம் சார்"னு இழுத்து இழுத்தே அந்த டைம் போயிடும். டீலர், கம்பெனி ரெண்டு பேரையும் எதிர் தரப்பா சேருங்க, இல்லைன்னா ஒருத்தர் இன்னொருத்தரை கை காட்டுவாரு.

கேஸ் போடறதுக்கு முன்னாடி வெளி மெக்கானிக்கிட்ட காட்டலாமா?

பாக்க சொல்லுங்க, எதையும் கழட்ட விடாதீங்க. பேலன்சிங் ரிப்போர்ட், ரன்அவுட் ரீடிங் (வீல் வட்டம் எவ்ளோ தப்பியிருக்குங்கற அளவு) மாதிரி அளந்து தர்றதுல தப்பில்ல. சஸ்பென்ஷன்லயோ ஷாஃப்ட்லயோ கை வச்சா வாரண்டி போச்சுன்னு சொல்ல அவங்களுக்கு ஒரு காரணம் கிடைச்சிடும். வெளிய அலாய் வீல் மாத்தியிருந்தா ஒரிஜினல் வீலை திரும்ப மாட்டிட்டு தான் கம்ப்ளெயிண்ட் பண்ணவே போகணும். வெளி அலாய்ல நடு ஓட்டை பெருசா இருந்து ஹப்புக்கு ரிங் போடாம மாட்டினாலே உதறும், ரிங் விலை ரொம்ப கம்மி, அதை போட்டு பாருங்க.

செகண்ட் ஹேண்ட்ல வாங்குனது, உதறுது. இதெல்லாம் எனக்கும் பொருந்துமா?

டெஸ்ட் எல்லாம் அதே தான், ஆனா தேடற வரிசை மாறும். முதல்ல ரிம், பள்ளத்துல விட்டு நெளிஞ்சிருக்கும். ஸ்டீல் ரிம்ல பெண்ட் எடுக்கலாம், அலாய்ல லேசான நெளிவுன்னா எடுக்கறாங்க, வெடிப்பு விட்ட அலாயை வெல்டிங் வச்சு ஓட்டாதீங்க, புதுசோ நல்ல பழசோ வாங்கிடுங்க. அப்புறம் டயர் தேதி, நாலு டயரும் ஒரே கம்பெனியா. அதுக்கப்புறம் ஸ்டியரிங், சஸ்பென்ஷன் பாகங்களான டை ராட், பால் ஜாயிண்ட், லோயர் ஆர்ம் புஷ். வேகத்தோட கூடற "ஊ"ன்னு ஒரு சத்தம் வந்து ஸ்டியரிங்கை லேசா ஒரு பக்கம் திருப்பினா மாறுச்சுன்னா வீல் பேரிங். கம்பெனி வாரண்டி மிச்சம் இருக்கான்னு சேசிஸ் நம்பரை குடுத்து சர்வீஸ் சென்டர்ல கேளுங்க, பழைய சர்வீஸ் ஹிஸ்டரியும் காட்ட சொல்லுங்க, முன்னாடி ஓனர் இதே உதறலுக்கு வண்டியை விட்டிருந்தா அதுல இருக்கும். பழைய வண்டி விக்கற கம்பெனில வாங்கியிருந்தா திருப்பி குடுக்க சில நாள் டைம் குடுப்பாங்க, அந்த நாளுக்குள்ள ஊருக்குள்ளயே சுத்தாம கண்டிப்பா ஒரு தடவை ஹைவேல ஓட்டி பாத்துடுங்க.